மதுரா கோட்ஸ்: தாய் நிறுவனத்துக்கும் மதுரைக்கும் இடையிலான அறிவுப் பரிமாற்றம்

பன்னாட்டு நிறுவனம் ஒன்று வேறொரு நாட்டில் நடத்தும் நிறுவனம் அதன் துணை நிறுவனம் எனப்படும். முதலீடும் எந்திரமும் மட்டுமின்றி, தொழிலறிவும் இவ்விரண்டுக்கும் இடையே செல்கிறது. மதுரா கோட்ஸ் நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் நல்ல சான்றாகும்.

தோற்றம்

ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் சகோதரர்கள் பாபநாசம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் நூற்பாலைகளை நிறுவினர். 1889இல் மதுரா மில்ஸ் தொடங்கப்பட்டது. மக்கள் இதை 'ஹார்வி மில்' என்றே அழைத்தனர். நிர்வாகமும் தொழில்நுட்பமும் பிரித்தானியர் கையில் இருந்தன. இயக்கும் திறன் மதுரைத் தொழிலாளர் கைகளில் வளர்ந்தது.

கோட்ஸ் நிறுவனத்தின் வேர் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம். அங்கு ஜேம்ஸ் கோட்ஸ் 1826இல் தையல் நூல் ஆலை கட்டினார். 1974இல் மதுரா மில்சும் ஜே. அண்ட் பி. கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியப் பிரிவும் இணைந்து மதுரா கோட்ஸ் உருவானது.

பகிரப்பட்ட அறிவு

தையல் நூல் சாதாரண நெசவு நூல் போன்றதன்று. வேகமாக ஓடும் தையல் எந்திரத்தில் அது அறுந்துவிடக் கூடாது. முறுக்கு, மெருகு, சாயம் ஆகிய மூன்றும் பிசகக் கூடாது. ஒரே நிறம் எந்த நாட்டில் சாயமேற்றினாலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இவற்றுக்கான அளவுகளைத் தாய் நிறுவனம் எழுதி அனுப்பலாம். ஆனால் உள்ளூர் நீரின் தன்மை, காற்றின் ஈரம், பஞ்சின் தரம் ஆகியவற்றுக்கு ஏற்ப அவற்றைத் திருத்துவது ஆலையில் பழகியவர்களின் அறிவு. கரிசல் நிலத்துக் கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை கொண்டது. உயர்தரத் தையல் நூலுக்கு நீண்ட இழைப் பஞ்சு தேவை. இத்தகைய வேறுபாடுகளைக் கையேடு மட்டும் தீர்த்துவிடாது.

அனில் குப்தா, விஜய் கோவிந்தராஜன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்க உதவுகிறது. அனுப்புபவரிடம் உள்ள அறிவின் மதிப்பு, பகிரும் விருப்பம், தொடர்பு வழிகள், பெறுபவரின் ஆர்வம், உள்வாங்கும் திறன் ஆகிய ஐந்தும் அறிவுப் பரிமாற்றத்தைத் தீர்மானிக்கின்றன என்று அவர்கள் கருதினர்.

ஆயத்த ஆடையும் விற்பனையும்

தாய் நிறுவனமான கோட்ஸ் வியெல்லாவின் வழியாக லூயி பிலிப் (1989), வான் ஹியூசன் (1990), ஆலன் சாலி (1993) ஆகிய சட்டைப் பெயர்கள் இந்தியாவுக்கு வந்தன. பெயர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைத்துக்கொண்டிருந்த இந்தியரை ஆயத்த ஆடைக்குப் பழக்கியது துணை நிறுவனத்தின் சந்தை அறிவு. 1999-2000இல் ஆடைப் பிரிவு ஆதித்ய பிர்லா குழுமத்துக்கு விற்கப்பட்டது. பெயர்களோடு அந்த அறிவும் கைமாறியது. வாங்கியவர்கள் 'மதுரா' என்னும் பெயரை விடாமல் வைத்துக்கொண்டனர்.

இன்றைய நிலை

பெய்ஸ்லியின் கடைசி நூல் ஆலை 1993இல் மூடப்பட்டது. மதுரையில் நூல் தொழில் தொடர்கிறது. பிறந்த ஊரில் மறைந்த தொழில், கற்ற ஊரில் நிலைத்திருக்கிறது. ஆனால் ஆடைப் பிரிவின் விற்பனை காட்டுவது போல, துணை நிறுவனம் வளர்த்த அறிவு எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் தாய் நிறுவனமே.