என் இனிய இயந்திரா

சுஜாதா (1935–2008) 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய அறிவியல் புனைவு நாவல். சர்வாதிகாரத்தின் அன்றாட முகத்தை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய தமிழ் வெகுஜன நாவல்கள் மிகக் குறைவு.

கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். ஜீவா என்ற ஒற்றைத் தலைவரின் கீழ் இந்தியா. குடிமக்களின் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. பிள்ளை பெறவும் அரசாங்க அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் நிலாவின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். அவள் வீட்டில் தங்க வரும் ரவியும் அவனுடைய இயந்திர நாய் ஜீனோவும் தேடலில் சேர்கிறார்கள். மக்கள் கைகூப்பி வணங்கும் ஜீவா ஆளே அல்ல, வெறும் ஒளிப்பிம்பம் என்பது பிறகு தெரிகிறது. நாவலின் அரசியல் கூர்மை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நெருக்கடி நிலை (1975–77) முடிந்து பத்தாண்டு அளவிலேயே வந்த கதை இது. பத்திரிகைத் தணிக்கை, விசாரணையற்ற சிறைவாசம், கட்டாயக் கருத்தடை, 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சிக் கலைப்பு ஆகியவற்றைக் கண்டிருந்த வாசகர்களுக்குக் குழந்தைக்கு அனுமதிச் சீட்டு என்பது வெறும் கற்பனையாகப் பட்டிருக்காது. ஆர்வெல்லின் ‘1984’ (1949) அச்சத்தால் ஆளும் அரசைக் காட்டியது. சுஜாதா காட்டுவது பக்தியால் ஆளும் அரசை. தமிழ்நாட்டுக்கு இதுவே பொருத்தம்.

இந்த நாவல் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. இதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’.