துப்பாக்கிச் சட்டமும் நம் பாதுகாப்பும்: ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டியவை

2024 ஏப்ரல் 14-ஆம் தேதி பின்னிரவில், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் முதலாவது முனையத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வருகை மண்டபத்தில் ஒருவர் தம் மனைவியைக் குறிவைத்து இரண்டு முறை சுட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. மனைவி தப்பினார், அவருடைய மெய்க்காவலர் படுகாயமடைந்தார். அடுத்த மாதம் 17-ஆம் தேதி, ஜொகூர், உலு திராம் காவல் நிலையம் தாக்கப்பட்டதில் இரண்டு போலீஸ்காரர்கள் உயிரிழந்தனர்.

இப்படி ஏதாவது நடந்தால் உடனே ஒரு கேள்வி எழும்: "நாமும் தற்காப்புக்கு ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?" புலனத்தில் வரும் அமெரிக்கக் காணொளிகளும் இந்த எண்ணத்தைத் தூண்டுகின்றன. அங்கே பல மாநிலங்களில், உரிமம்கூட இல்லாமல் சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். மலேசியாவில் நிலைமை முற்றிலும் வேறு.

உரிமை அல்ல, உரிமம்

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை அல்ல. காவல்துறை கொடுத்தால் உண்டு, எடுத்துக்கொண்டால் இல்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமோ அனுமதிச்சீட்டோ இல்லாமல் எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மாவட்டப் போலீஸ் தலைமையகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். முடிவு செய்பவர் மாநிலப் போலீஸ் தலைவர். "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் மட்டும் போதாது; தேவையை நிரூபிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் "ஆயுதம்" என்றால் கைத்துப்பாக்கியும் வேட்டைத் துப்பாக்கியும் மட்டும் அல்ல. காற்றுத் துப்பாக்கியும், துப்பாக்கியின் தனிப் பாகங்களும், சத்தத்தைக் குறைக்கும் கருவியும் அதில் அடங்கும். துப்பாக்கியே இல்லாமல் தோட்டா மட்டும் கையில் இருந்தாலும் குற்றம்தான்.

தோட்டத்துத் துப்பாக்கி

செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது பழைய வழக்கம். அதில் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும்போது இன்னொருவர் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தோட்டத்தின் துப்பாக்கியை வேலையாள் பயன்படுத்த வேண்டுமானால் அவர் பெயரில் அனுமதிச்சீட்டு வேண்டும். "கிராணி சொன்னார், எடுத்துப் போனேன்" என்பது நீதிமன்றத்தில் நிற்காது.

இரண்டாவது, உரிமம் சொத்து அல்ல. அப்பா இறந்தால் வீடு பிள்ளைக்கு வரலாம். துப்பாக்கி அப்படி வராது. காரியங்கள் முடியட்டும் என்று அலமாரியில் பூட்டி வைக்க வேண்டாம். உடனே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் கூறும் முறைப்படி ஒப்படையுங்கள். பிள்ளைக்கு வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, உள்ளூரில் குழாயைக் கொண்டு செய்யும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமமே கிடையாது. பன்றி சுடத்தான் என்றாலும் அது கள்ளத் துப்பாக்கிதான். பழைய லயத்திலோ காட்டிலோ தோட்டாக்கள் கிடைத்தால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

"இந்தப் பையைக் கொஞ்சம் வைத்திரு"

இளைஞர்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். கூட்டாளி ஒருவன் இரவில் ஒரு பையைக் கொடுத்து, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்பான். உள்ளே இருப்பது தெரிந்தும் வாங்கி வைத்தால், அது யாருடையது என்பது பிறகு முக்கியமில்லை. யார் கையில், யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதையே சட்டம் பார்க்கும்.

1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சட்டவிரோதத் துப்பாக்கி வைத்திருப்பவனோடு, அது தெரிந்தே சேர்ந்து இருப்பதும் குற்றம். வைத்திருந்தவனுக்கும், உடன் இருந்தவனுக்கும் ஒரே அளவு தண்டனைதான். காரை ஓட்டினேன், பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வதால் மட்டும் தப்பிவிட முடியாது.

தண்டனைகள்

* உரிமமின்றி ஆயுதம் அல்லது தோட்டா வைத்திருத்தல் (1960 சட்டம்): 7 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும்.
* சட்டவிரோதத் துப்பாக்கி வைத்திருத்தல், அல்லது வைத்திருப்பவரோடு தெரிந்தே சேர்ந்திருத்தல் (1971 சட்டம்): 14 ஆண்டு வரை சிறை, 6-க்குக் குறையாத பிரம்படி.
* கொள்ளை, கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், கைதை எதிர்த்தல் போன்ற குற்றங்களின்போது, உயிரைப் பறிக்கவோ காயப்படுத்தவோ சுடுதல்: முன்பு கட்டாய மரண தண்டனை. 2023 ஜூலை 4 முதல் மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். குண்டு யாருக்கும் படாமல் போனாலும் இதே சட்டம்தான்.
* அசலைப் போன்ற போலித் துப்பாக்கி வைத்திருத்தல்: ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். இணையக் கடையில் பிள்ளைக்கு வாங்கும் முன் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

1971 சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டால் ஜாமீன் கிடையாது. வழக்கு முடியும்வரை பிள்ளை உள்ளேதான். அந்த மாதங்களில் வேலையும் போகும், படிப்பும் போகும்.

கைது நடந்துவிட்டால்

கைதானவரை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காரணத்தைத் தெரிந்துகொள்ளவும், வழக்கறிஞரோடு பேசவும் அவருக்கு உரிமை உண்டு. இது அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. வசதி இல்லாத குடும்பங்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை அணுகலாம். தடுப்புக் காவல் கட்டத்திலேயே வழக்கறிஞர் வருவது நல்லது. "பேசி முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

சுடும் சத்தம் கேட்டால்

பொது இடத்தில் துப்பாக்கிச் சூடு நம் நாட்டில் அரிது. ஆனால் அந்தச் சில வினாடிகளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்தவர் தடுமாற மாட்டார். சிங்கப்பூரில் எஸ்ஜி செக்கியூர் இயக்கம் 2016 முதல் மக்களுக்குச் சொல்லித் தருவது மூன்றே சொற்கள்: ஓடு, ஒளி, சொல்.

ஓடுங்கள். முதலில் பட்டாசு என்றுதான் தோன்றும். சந்தேகம் வந்தால் நின்று பார்க்காமல் விலகுங்கள். பொருள்களை விட்டுவிடுங்கள்; பிள்ளைகளையும் முதியோரையும் கூட்டிச் செல்லுங்கள். வந்த வழியே போக வேண்டியதில்லை. கடையின் பின்வாசலும் வழிதான்.

ஒளியுங்கள். ஓட முடியாவிட்டால் ஓர் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, மேசை, அலமாரியை அணை கொடுங்கள். விளக்கை அணைத்து, கைப்பேசியைச் சத்தமில்லாமல் வையுங்கள். கதவுக்கு நேராக நிற்காமல், கனமான சுவர் ஓரமாகத் தாழ்ந்து இருங்கள்.

சொல்லுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் 999-ஐ அழையுங்கள். எந்த இடம், எத்தனை பேர், என்ன ஆயுதம், எந்தப் பக்கம் போனார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

காவல்துறை வரும்போது கைகளை வெறுமையாக, வெளியே தெரியும்படி வையுங்கள். அவர்களை நோக்கி ஓடாதீர்கள். உள்ளே வருபவர்களுக்கு யார் சுட்டவர், யார் பொதுமக்கள் என்று தெரியாது.

அருகில் ஒருவருக்கு இரத்தம் கொட்டினால், சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்துங்கள். கை காலில் இரத்தம் நிற்கவே இல்லை என்றால், காயத்துக்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை நினைவில் வைத்து மருத்துவ ஊழியரிடம் சொல்லுங்கள். காணொளி எடுத்துப் பரப்பாதீர்கள். யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் பேச வேண்டியது

கோயில் மண்டபத்துக்கோ பேரங்காடிக்கோ போகும்போது, கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். வளர்ந்த பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: யாராவது துப்பாக்கியைக் காட்டினால் அங்கே நிற்காதே, தொடாதே, படம் எடுக்காதே, நேராக வீட்டுக்கு வந்து சொல். அவன் வந்து சொல்லும்போது அடிக்காமல் கேளுங்கள். அடிக்குப் பயந்து மறைத்த பிள்ளையைத்தான் பிறகு நீதிமன்ற வாசலில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.