குள்ளனுக்குக் கோடாலி, குயவனுக்குச் சக்கரம்

ரோல்பிளேயிங் கேம் ஆடுற மக்கள் நடுவுல ஒரு தீராத பஞ்சாயத்து உண்டு. கேரக்டர் வீரனா மந்திரவாதியான்னு 'கிளாஸ்' முதல்லயே முடிவாகிடணுமா, இல்ல ஆட ஆட நம்ம இஷ்டத்துக்கு வளர்த்துக்கலாமா? வேலை வெட்டி இல்லாத பசங்க சண்டைன்னு நினைக்காதீங்க. இதே கேள்வில நம்ம ஊர்ல ஒரு ஆட்சியே ஆட்டம் கண்டிருக்கு :-)

முதல்ல கேம் கதை. 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கொண்டுவந்தப்ப மூணே கிளாஸ்: வீரன், மந்திரவாதி, பூசாரி. குள்ளர் இனத்துல பிறந்த கேரக்டர் வீரன் மட்டும்தான் ஆகலாம், அதுவும் ஆறாவது லெவலோட சரி. 1981 பேசிக் பதிப்பு ஒரு படி மேல போச்சு, 'குள்ளன்'ங்கறதே ஒரு கிளாஸ்! பிறப்பே தொழில்.

இதுக்கு மாத்து 1978-லயே வந்தாச்சு. 'ரூன்குவெஸ்ட்'ல கிளாஸே கிடையாது, வாள் சுத்தினா வாள் திறமை ஏறும். கம்ப்யூட்டர்ல 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' 1994-ல 18 கிளாஸோட ஆரம்பிச்சு, 2011 'ஸ்கைரிம்'ல மொத்தத்தையும் தூக்கிப் போட்டுது.

இப்ப நம்ம கதை. 1953-ல முதல்வர் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் போட்டார். தினம் மூணு மணி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோர் தொழில். ஷிஃப்ட் வச்சா அதே வாத்தியாரை வச்சு நிறைய பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தலாம்ங்கறது கணக்கு. ஆனா நம்ம கிராமத்துல அப்பா தொழில்னா என்ன? சாதிதான். அதான் 'குலக்கல்வி'ன்னு பேர் விழுந்துச்சு. பெரியார், திமுக, காங்கிரஸ்லயே பலர்னு எதிர்ப்பு கிளம்பி, 1954-ல ராஜாஜி விலகினார். காமராஜர் வந்தார், அதே வருஷம் திட்டம் வாபஸ்.

கிளாஸ் முறைல நல்லது இல்லாம இல்ல. புதுசா ஆடறவனுக்கு வழி தெரியும், டீம்ல ஒருத்தருக்கு ஒருத்தர் தேவைப்படுவோம். முழு சுதந்திரம் கொடுத்த ஸ்கைரிம்ல பாதிப் பேர் கடைசில ஒளிஞ்சு அம்பு விடறவனாத்தான் நிக்கறான்! ஆக, என்னைக் கேட்டா பிரச்சினை கிளாஸ் இருக்கறதுல இல்லைங்க. தேர்ந்தெடுக்கறது யாரு, அப்புறம் மாத்திக்க முடியுமா, இந்த ரெண்டுதான் கேள்வி. 2000-ல வந்த 'டயாப்லோ 2'ல தப்பா போட்ட பாயிண்ட்டைத் திரும்ப எடுக்க வழி பிறந்தது 2010-லதான். கேம்லயாவது அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம். 1953-ல அஞ்சாம் வகுப்புல இருந்த பையனுக்கு?

அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறைக்குப் பக்கத்துலயே கண்ணாடி போட்ட ஐடி கட்டடம் நிக்குது. மெக்கானிக்கல் படிச்சிட்டு அதுல ஜாவா எழுதறவன் நான். கிளாஸ் மாத்திக்க எனக்கு வழி இருந்துச்சு. அந்த வழியை யாரோ சண்டை போட்டுத் திறந்து வச்சிருக்காங்க.