எஞ்சினின் நிறம் சொல்லும் கணக்கு



நம் வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும் எந்தக் காரின் பானட்டைத் திறந்தாலும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியும் அலுமினியமும்தான் கண்ணில் படும். எஞ்சினுக்கென்று தனி நிறம் இருந்த காலம் ஒன்று உண்டு. அதிலும் அமெரிக்காவில், நிறத்தைப் பார்த்தே அது யார் செய்த எஞ்சின் என்று சொல்லிவிடலாம். அந்த நிறங்களின் கதையையும், அவை மறைந்த வேளையில் எழுந்த ஒரு பெரிய வழக்கையும் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வங்கியில் முப்பது வருடங்களுக்கு மேல் பேரேடு பார்த்தவனுக்குக் காரின் எஞ்சினில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படித்துப் பாருங்கள், இதுவும் கணக்கு விஷயம்தான்.

எஞ்சினுக்கு ஏன் பெயின்ட் அடித்தார்கள்? அன்றைய எஞ்சின்கள் வார்ப்பிரும்பில் செய்தவை. அப்படியே விட்டால் துருப்பிடிக்கும். அதோடு, தொழிற்சாலையிலும் பழுது பார்க்கும் இடத்திலும் எது எந்த எஞ்சின் என்று அடையாளம் காண நிறம் உதவியது. பல தொழிற்சாலைகளில் எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகே மொத்தமாகப் பெயின்ட் தெளித்தார்கள். அதனால் போல்ட், பிராக்கெட் எல்லாவற்றின் மேலும் அது படிந்தது. புகைக்குழாய் பகுதியில் பட்ட பெயின்ட் மட்டும், வண்டி ஓடத் தொடங்கியதும் சூட்டில் கருகிப் போய்விடும்.

ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது ஒரு கூட்டுக் குடும்பம் போல இருந்தது. செவ்ரோலே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், காடிலாக் என்று ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றும் தன் வி-8 எஞ்சினைத் தானே வடிவமைத்துத் தானே செய்தது. 1955ல் வந்த செவ்ரோலேயின் புகழ்பெற்ற சிறிய வி-8 ஆரஞ்சு நிறம். 1960களின் கடைசியில் பியூக்குக்குச் சிவப்பு, போன்டியாக்குக்கு வெளிர் நீலம், காடிலாக்குக்கு அடர் நீலம். ஓல்ட்ஸ்மொபைலில் எஞ்சின் அளவைப் பொறுத்தும் நிறம் மாறியது. 1970ல் 350 கன அங்குல எஞ்சினுக்குப் பொன்னிறம், 455க்கு நீலம்.

ஓல்ட்ஸ்மொபைல் 1949 முதல் தன் எஞ்சினை 'ராக்கெட்' என்ற பெயரில் விளம்பரம் செய்து வந்தது. செவ்ரோலே விலை குறைந்த வண்டி. ஓல்ட்ஸ்மொபைல் அதற்கு இரண்டு படி மேலே. கூடுதல் பணம் கொடுத்தவர்கள் அந்த ராக்கெட் எஞ்சினுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

1976ல் ஓல்ட்ஸ்மொபைல் கட்லாஸ் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார். அந்தப் பிரிவின் வண்டிகளுக்கு இருந்த தேவைக்கு எஞ்சின் உற்பத்தி ஈடுகொடுக்கவில்லை. ஆகவே 1977ம் ஆண்டு வண்டிகள் பலவற்றில் செவ்ரோலேயின் 350 எஞ்சினைப் பொருத்தினார்கள். இரண்டுமே 350 கன அங்குலம், அதாவது சுமார் 5.7 லிட்டர். அளவை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் சிலிண்டரின் அகலம் வேறு, பிஸ்டன் ஓடும் நீளம் வேறு, பாகங்களும் வேறு. அதே சமயம் பிரிவுக்கொரு நிறம் என்ற வழக்கமும் முடிவுக்கு வந்து, எல்லாவற்றுக்கும் ஒரே நீலம் வந்துவிட்டது. பானட்டைத் திறந்து பார்க்கிறவருக்கு இருந்த கண்ணெதிர் அடையாளம் போயிற்று.

குட்டு எப்படி உடைந்தது தெரியுமா? சிகாகோவில் ஒருவர் தன் புது ஓல்ட்ஸ்மொபைல் டெல்டா 88ஐ மெக்கானிக்கிடம் விட்டார். ஓல்ட்ஸ்மொபைலுக்கென்று வாங்கிய ஆயில் ஃபில்டரும் ஃபேன் பெல்ட்டும் அதில் பொருந்தவில்லை. உள்ளே இருந்தது செவ்ரோலே எஞ்சின். இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. எஞ்சின் தரத்தில் குறைவில்லை என்பது கம்பெனியின் வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாங்கியவர்கள் கேட்டது வேறு கேள்வி: 'மாற்றினீர்களே, எங்களிடம் சொன்னீர்களா?' கடைசியில் ஆளுக்கு 200 டாலரும் கூடுதல் உத்தரவாதமும் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்த உடன்பாட்டை ஏற்றுக்கொண்ட முறை சரியில்லை என்று 1979ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது தனிக்கதை. அதன் பிறகு, எஞ்சின்கள் கம்பெனியின் பல பிரிவுகளில் தயாரானவை என்ற வரி விளம்பரங்களில் இடம்பெறத் தொடங்கியது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். டெட்ராய்ட் அருகே வேலை பார்க்கும் என் அக்கா மகன் சென்ற வருடம் 1970ம் ஆண்டு கட்லாஸ் ஒன்றை வாங்கினான். 350 எஞ்சின் என்று ஆவணம் சொன்னது. "மாமா, உள்ளே ஆரஞ்சு கலர்ல இருக்கு. எஞ்சினையே மாத்திட்டாங்களோ?" என்று போனில் கேட்டான். அசல் எஞ்சின் இல்லாத பழைய வண்டிக்கு அங்கே விலை நன்றாக இறங்கிவிடும். அவனுக்கு அது சில ஆயிரம் டாலர் கேள்வி.

நிறத்தை மட்டும் நம்பாதே, மற்ற சாட்சிகளையும் விசாரி என்றேன். முதல் சாட்சி வடிவம். ஓல்ட்ஸ்மொபைல் வி-8ல் ஆயில் ஊற்றும் குழாய் எஞ்சினின் முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும். அந்தக் காலத்துச் செவ்ரோலேயில் வால்வு மூடியின் வழியாக ஊற்ற வேண்டும். அவன் வண்டியில் குழாய் முன்னால் இருந்தது. இரண்டாவது சாட்சி எண். 1968 முதல் காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதியை எஞ்சினிலும் பொறித்தார்கள். துடைத்துப் பார்த்தான், பொருந்தியது. மூன்றாவது சாட்சிதான் நிறம். அதை வெளியே தெரியும் இடத்தில் தேடக் கூடாது. சூடும் எண்ணெயும் பட்டுப் பட்டுப் பொன்னிறம் பழுப்பாகிவிடும். பிராக்கெட்டைக் கழற்றி அதன் பின்னால், போல்ட் தலைக்கு அடியில், மறு பெயின்ட் எட்டாத மூலைகளில் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்குப் பின்னால் ஆரஞ்சை மெல்லச் சுரண்டியபோது அடியில் பொன்னிறம் இருந்தது. எஞ்சின் அசல்தான்; யாரோ கையில் கிடைத்த ஆரஞ்சு பெயின்ட்டை அடித்திருக்கிறார்கள். சூடு படாத அந்த மூலையின் நிறத்தை வைத்தே இப்போது புதுப் பெயின்ட் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

பேரேட்டில் ஒரு பதிவைத் திருத்த வேண்டுமானால், பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது வங்கியில் நாங்கள் கற்ற பாடம். சுரண்டி அழித்து மேலே எழுதினால், எழுதியது சரியாகவே இருந்தாலும் தணிக்கையாளர் ஏற்க மாட்டார். எஞ்சினுக்கும் அதே நியாயம்தான். மாற்றலாம், தவறில்லை, ஆனால் மாற்றியது தெரிய வேண்டும்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. செகண்ட் ஹேண்டில் கார், ஸ்கூட்டர் எது வாங்கினாலும், ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சினை மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் இருக்க வேண்டும். ஒரு டார்ச்சும் பழைய துணியும் போதும், பத்து நிமிட வேலை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.