கியூபெக் மேஜர் ஜூனியர் ஹாக்கி லீக்: 1983–84 பருவம்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 16 முதல் 20 வயது வரையிலான வீரர்களுக்காக நடத்தப்பட்ட ஐஸ் ஹாக்கித் தொடரின் 15ஆவது பருவம் இது. 11 அணிகள் தலா 70 ஆட்டங்கள் ஆடின. புள்ளிப் பட்டியலில் லாவால் வுவாசன் முதலிடம் பெற்றது. பிளே-ஆஃப் எனப்படும் வெளியேற்றச் சுற்றுகளின் இறுதியில் லோங்கே ஷெவாலியே அணியை வென்று பிரசிடென்ட் கோப்பையையும் கைப்பற்றியது. லாவாலின் நடுவரிசை வீரர் மரியோ லெமியூ 70 ஆட்டங்களில் 133 கோல்கள் அடித்து, 149 கோல்களுக்கு உதவி, 282 புள்ளிகள் சேர்த்தார். கோல் எண்ணிக்கையிலும் மொத்தப் புள்ளிகளிலும் இது லீக்கின் சாதனை, இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. (ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் ‘பக்’ எனப்படும் ரப்பர் வட்டைத் தள்ளிக் கொடுத்தவர்களில் அதிகபட்சம் இருவருக்குத் தலா ஒரு புள்ளி.)

லீக்கின் தோற்றமும் இடமும்

கனடாவின் இளையோர் ஹாக்கியில் மேல்தட்டு ‘மேஜர் ஜூனியர்’. இதில் மூன்று லீக்குகள் உண்டு: மேற்கு மாகாணங்களுக்கு ஒன்று, ஒன்டாரியோவுக்கு ஒன்று, கியூபெக்கை மையமாகக் கொண்டு ஒன்று. மூன்றின் வெற்றியாளர்களும் மோதுவது மெமோரியல் கோப்பைக்காக. முதல் உலகப் போரில் இறந்த கனடியரின் நினைவாக 1919 முதல் வழங்கப்படும் இக்கோப்பைக்கு, 1972 முதல் மூன்று வெற்றியாளர்களும் ஒரே ஊரில் கூடி ஆடுகின்றனர். 1983இல் போட்டியை நடத்தும் ஊரின் அணி நான்காவதாகச் சேர்க்கப்பட்டது.

கியூபெக் லீக் 1969இல் பிறந்தது. அதுவரை மாகாணத்தில் இளையோருக்கு இரண்டு தனித்தனி லீக்குகள் இருந்தன. ஒன்று மாகாணம் தழுவியது, மற்றது மான்ட்ரியல் பெருநகரத்துக்குரியது. இரண்டிலும் வலுவான கழகங்களை ஒன்றுசேர்த்தே புதிய லீக் அமைந்தது. முதல் பருவத்திலும் அணிகள் 11தான். ஆனால் அந்த 11 ஊர்களும் நிலைக்கவில்லை. கழகங்கள் கைமாறின, பெயர் மாறின, அரங்கில் கூட்டம் குறைந்ததும் மூட்டை கட்டி அடுத்த ஊருக்குப் போயின. சொரேல் நகரின் எபெர்வியே அணி 1981இல் கிரான்பிக்குப் போய் பைசன்ஸ் ஆனது. அதே ஆண்டு, ஒன்டாரியோ ஊரான கார்ன்வாலின் ராயல்ஸ் இரண்டு மெமோரியல் கோப்பைகளைத் தொடர்ந்து வென்ற கையோடு தன் மாகாண லீக்குக்கே மாறியது. 1982இல் மான்ட்ரியல் ஜூனியர்ஸ் வெர்டனுக்கும், ஷெர்புரூக்கின் காஸ்டர் செயின்ட்-ஜானுக்கும் பெயர்ந்தன.

லாவால் கழகத்தின் கதையும் இதுவே. 1969இல் ரோஸ்மாண்ட் நேஷனல் என்று தொடங்கி, 1971இல் மான்ட்ரியலுக்கு வடக்கேயுள்ள தீவு நகரமான லாவாலுக்கு வந்து, 1979இல் வுவாசன் என்ற பெயர் பெற்றது. லாவால் நேஷனலாக இருந்தபோதுதான் மைக் போஸி இங்கே ஆடி, லீக் வாழ்நாளில் 309 கோல்கள் அடித்தார்.

1983–84இல் ஆடிய அணிகள்: சிக்குத்திமி, டிரம்மண்ட்வில், கிரான்பி, ஹல், லாவால், லோங்கே, கியூபெக் நகரம், செயின்ட்-ஜான், ஷாவினிகன், ட்ருவா-ரிவியேர், வெர்டன். மான்ட்ரியலைச் சுற்றியிருந்தவற்றுக்குப் பல வெளியூர் ஆட்டங்கள் ஓர் இரவுப் பயணத்தில் முடிந்துவிடும். சிக்குத்திமிக்குப் போவதென்றால் கியூபெக் நகரிலிருந்தே காட்டு வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் பனியில் செல்ல வேண்டும். பள்ளிப் பாடத்தையும் மடியில் வைத்துக்கொண்டுதான் இந்த இளைஞர்கள் ஆடினார்கள் என்பதை எண்களைப் பார்க்கும்போது மறந்துவிடக் கூடாது.

சாதனைகளின் வரிசை

இந்த லீக் தொடக்கத்திலிருந்தே கோல்மழைக்குப் பேர்போனது. கியூபெக் ரம்பார் அணியின் கி லாஃப்லர் முதல் பருவத்திலேயே 103 கோல்கள் அடித்தார். 1970–71இல் 62 ஆட்டங்களில் 130 கோல்கள், 209 புள்ளிகள். அந்த வசந்தத்தில் ரம்பார் மெமோரியல் கோப்பையையும் வென்றது. 1973–74இல் சொரேலின் பியேர் லரூஷ் 94 கோல்கள், 157 உதவிகள் என 251 புள்ளிகள் எடுத்தார். 1982–83இல் அமெரிக்காவிலிருந்து வந்து வெர்டனுக்கு ஆடிய பேட் லாஃபோன்டேன் 104 கோல்களுடன் 234 புள்ளிகள் எட்டி லீக்கின் முதல்வரானார். அதே பருவத்தில் 17 வயது லெமியூ 84 கோல்கள், 184 புள்ளிகள் எடுத்திருந்தார். லாஃபோன்டேன் விலகிச் சென்றதும் களம் லெமியூவுக்குத் திறந்தது.

லாஃப்லரின் 130 கோல்கள் 62 ஆட்டங்களில் வந்தவை, லெமியூவின் 133க்கு 70 ஆட்டங்கள் தேவைப்பட்டன என்று சுட்டுவோர் உண்டு. கணக்கு சரியே. ஆயினும் லாஃப்லர் அந்தப் பருவத்தில் உதவிய கோல்கள் 79. லெமியூ உதவியவை 149. சகவீரருக்கும் கோல் வாய்ப்பு உண்டாக்கிக்கொண்டே 133 கோல்கள் அடித்தவரையே ஜூனியர் ஹாக்கியின் முதல்வராகக் கொள்ள வேண்டும். உதவிகளுக்கான சாதனை மட்டும் லரூஷிடமே இருக்கிறது.

பருவத்தின் போக்கு

லெமியூ 1965 அக்டோபர் 5 அன்று மான்ட்ரியலின் வில்-எமார் பகுதியில் பிறந்தவர். கழகங்கள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் இளையோர் தேர்வில், 1981இல் லாவால் அவரை முதல் வீரராக எடுத்தது. அவர் அணிந்த 66ஆம் எண், தொழில்முறை ஹாக்கியின் நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியின் 99ஐத் தலைகீழாக்கியது. இப்பருவம் தொடங்கிய சில நாள்களில் அவருக்கு 18 வயது நிறைந்தது.

டிசம்பரில் ஒரு வழக்கு வந்தது. ஸ்வீடனில் நடந்த உலக இளையோர் போட்டியில் கனடாவுக்காக ஆட லெமியூ மறுத்தார். முந்தைய ஆண்டு லெனின்கிராடில் நடந்த அதே போட்டியில் பயிற்சியாளர் டேவ் கிங் தம்மைப் பெரும்பாலும் ஓரத்தில் உட்கார வைத்தார் என்பது அவருடைய மனக்குறை. மறுத்ததற்காக லீக் அவரைச் சில ஆட்டங்களிலிருந்து விலக்க முனைந்தது. அவர் நீதிமன்றம் சென்றார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற பழி அப்போது எழுந்தது. ஆனால் 18 வயது வீரன் தன் விடுமுறையை எங்கே கழிப்பது என்று ஆணையிட ஒரு லீக்குக்கு உரிமையில்லை என்பதே நியாயம். அவர் இல்லாத கனடிய அணி நான்காமிடம் பெற்றது.

பருவத்தின் உச்சம் கடைசி ஆட்டம். எதிரணி லோங்கே. லாஃப்லரின் 130ஐத் தொட மூன்று கோல்கள், தாண்ட நான்கு கோல்கள் வேண்டும். எதிரணியினர் அவரையே குறிவைத்துச் சூழ்ந்தபோதும் அவர் ஆறு கோல்கள் அடித்தார். லாவால் 16–4 என வென்றது. தொடர்ந்த பிளே-ஆஃபில் 14 ஆட்டங்களில் 29 கோல்கள், 23 உதவிகள். சிறந்த வீரர், அதிகப் புள்ளி எடுத்தவர், தொழில்முறைக்கு உகந்த வீரர் என்று லீக்கின் முதன்மை விருதுகள் அவரிடமே சேர்ந்தன. புதுமுக வீரர் விருது கிரான்பியின் ஸ்டெஃபான் ரிஷேவுக்குப் போனது.

லெமியூவின் நிழலில் மறைந்த ஒருவரைச் சொல்லியாக வேண்டும். அதே கிரான்பியின் கோல்காப்பாளர் பேட்ரிக் ரூவா 61 ஆட்டங்களில் நின்றார். ஆட்டத்துக்குச் சராசரி 4.44 கோல்கள் அவரைத் தாண்டின. இந்த லீக்கில் அது மோசமான கணக்கல்ல. காப்புக் கவசங்கள் சிறியவை, கோல்காப்பாளருக்கென்று தனிப் பயிற்சி அரிது, இளம் தடுப்பாட்டக்காரர்கள் முன்னே பாய்வதையே விரும்பினர். 282 என்ற எண் பிறந்த மண் இதுதான்.

மெமோரியல் கோப்பையும் தேர்வும்

ஒன்டாரியோவின் கிச்சனரில் நடந்த மெமோரியல் கோப்பையில் லாவால் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. லெமியூவுக்குக் கிடைத்தது ஒரே கோல். இறுதியில் ஒட்டாவா 67ஸ் அணி உள்ளூர் ரேஞ்சர்ஸை 7–2 என வென்றது.

1984 ஜூன் 9 அன்று மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் நடந்த, தொழில்முறை லீக்கான தேசிய ஹாக்கி லீக்கின் தேர்வில் பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸ் லெமியூவை முதலில் எடுத்தது. ஊதியப் பேச்சு முடியாததால் அவர் அணியின் சட்டையைப் போட மறுத்தார். அதே தேர்வில் ரிஷேவை 29ஆவதாகவும் ரூவாவை 51ஆவதாகவும் மான்ட்ரியல் கனேடியன்ஸ் எடுத்தது. ஹல் அணியின் லுக் ரோபிடாயை 171ஆவதாக லாஸ் ஏஞ்சலஸ் எடுத்தது. அவரும் ரூவாவும் லெமியூவைப் போலவே பின்னாளில் ஹாக்கி புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர்.

பின்னர்

ரம்பார் 1985இல் கலைந்தது. அந்தப் பெயர் 1997இல் வேறொரு கழகத்துக்கு மீண்டது. லாவால் கழகம் டைட்டன் என்று பெயர் மாறி, 1998இல் நியூ பிரன்ஸ்விக்கின் பாதர்ஸ்ட்டுக்கும், 2025இல் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸுக்கும் பெயர்ந்தது. முதல் பருவத்திலிருந்து ஊர் மாறாத கழகம் ஷாவினிகன் மட்டுமே. லீக்கில் இப்போது 18 அணிகள் ஆடுகின்றன.