பிரைவேட், பப்ளிக், காப்புக்காடு

இந்த எபிசோடுல கோடும் இருக்கு, காடும் இருக்கு.

முதல்ல கோடு. 1979-ல் பெல் லேப்ஸில் பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரப் தொடங்கிய மொழிதான் பிறகு சி பிளஸ் பிளஸ் ஆச்சு. அதுல கிளாஸ்னு எழுதினா, உள்ளே இருக்கிறது எல்லாம் பிரைவேட். பப்ளிக்னு சொன்னதை மட்டும்தான் வெளியே இருந்து தொடலாம். ஸ்ட்ரக்ட்னு எழுதினா நேர் தலைகீழ்: எல்லாமே திறந்திருக்கும், மூட வேண்டியதை நீங்கதான் சொல்லணும். ரெண்டுக்கும் அடிப்படை வித்தியாசமே அந்த டீஃபால்ட்தான்.

இதே யோசனையை பிரிட்டிஷ் அரசு 1878-லேயே சட்டமா எழுதிடுச்சு. அந்த வருஷத்து இந்திய வனச் சட்டம் காட்டை மூணா பிரிச்சது: காப்புக்காடு, பாதுகாக்கப்பட்ட காடு, கிராமக்காடு. பாதுகாக்கப்பட்ட காட்டில் தடை போட்டதைத் தவிர மற்றதெல்லாம் செய்யலாம். காப்புக்காட்டில் அனுமதி தந்ததைத் தவிர எதையும் செய்ய முடியாது. சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தை ஏற்காமல், 1882-ல் தனக்கென ஒரு வனச் சட்டம் போட்டது. காப்புக்காடு அதிலும் உண்டு.

ஜவ்வாது மலையில் பல பகுதிகள் இன்னைக்கும் காப்புக்காடுதான். சாமை விதைச்சு, தேனும் கடுக்காயும் எடுத்து வாழும் மலையாளி பழங்குடி மக்களோட ஊர் அது. 1882 சட்டப்படி ஒரு காட்டைக் காப்புக்காடா மாத்தும் முன்னாடி அறிவிப்பு வரும். உரிமை கேட்க குறைந்தது 3 மாசம் அவகாசம். அதுக்குள்ள கேட்காத உரிமை அழிஞ்சுபோகும். பத்திரமோ எழுத்தோ இல்லாம, வழக்கத்தால் மட்டுமே காட்டை ஆண்டவங்க அந்த கெடுவுக்குள்ள எதைக் காட்டி உரிமை கேட்பாங்க?

இங்கதான் எனக்கு ஒப்புமை உடையுது. கிளாஸுக்குள்ள இருக்கிற ஃபங்ஷனுக்கு பிரைவேட் ஒரு தடையே இல்லை. காட்டிலோ, உள்ளே இருந்தவங்களையே சட்டம் வெளியாள் ஆக்கிடுச்சு.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் இதைத் திருப்பிப் போட்டது. யாருக்கு என்ன உரிமைங்கிற விசாரணையைத் தொடங்குறது கிராம சபை. சிறு வன மகசூலைச் சேகரிக்க, விற்க உரிமை உண்டு. தமிழ்நாட்டில் பட்டா தருவது வழக்கில் சிக்கி, 2016-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வழி திறந்தது.

சி பிளஸ் பிளஸில் 'ஃபிரெண்ட்'னு ஒரு சொல் உண்டு. யார் ஃபிரெண்ட்னு கிளாஸ்தான் சொல்லணும், வெளியாள் தானா அறிவிச்சுக்க முடியாது. அதனால அடுத்த தடவை பிரைவேட்னு டைப் பண்ணும்போது ஒண்ணு யோசிங்க: இந்தக் கிளாஸை எழுதுறது யாரு, அவங்க யாரை உள்ளே இருக்கிறவங்களா எண்ணுறாங்க?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.