கலகெதர: கணவாய் ஊரும் அதைச் சூழ்ந்த இயற்கை எழிலும்

கலகெதர இலங்கையின் மத்திய மாகாணத்தில், கண்டி மாவட்டத்தில் உள்ள சிறுநகரம். கண்டியையும் குருநாகலையும் இணைக்கும் ஏ-10 நெடுஞ்சாலையில், இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில், கண்டியிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. தும்பனைப் பிரதேசத்தின் நிருவாக மையமும் இதுவே. சிங்களத்தில் ‘கல’ என்றால் பாறை, ‘கெதர’ என்றால் வீடு. தமிழில் ‘கல்வீடு’ என்று சொல்லலாம். கல் என்ற சொல் இரு மொழிக்கும் பொதுவாக ஒலிப்பதால், பெயர்ப்பலகையை முதன்முறை படிக்கும் தமிழருக்கும் இவ்வூர் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

இயற்கைக் காட்சி தேடி வருவோர் பெரும்பாலும் கலகெதரவில் இறங்குவதில்லை. கண்டியில் இறங்கி ஏரியையும் தலதா மாளிகையையும் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்கு ஏறிவிடுகிறார்கள். மலைநாடு தொடங்கும் வாசற்படியை அவர்கள் பஸ் சன்னலோரம் உறங்கியபடி கடந்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

நிலமும் நீரும்

குருநாகல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 116 மீற்றர் உயரத்திலும், கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இந்த ஏற்றம் முழுவதும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சாலைக்குள் முடிந்துவிடுகிறது. குருநாகலில் தென்னந்தோப்பும் வயலும் சமநிலத்தில் விரிந்திருக்கும். அவற்றின் நடுவே தனித்தனியாக எழும் பாறைக் குன்றுகள் எத்தாகல (யானைப் பாறை), இப்பாகல (ஆமைப் பாறை), ஆந்தாகல (விலாங்குப் பாறை) என்று விலங்குகளின் பெயர் பெற்றவை. ஊரின் நீரையெல்லாம் குடித்துத் தீர்க்க வந்த விலங்குகள் கல்லாய்ச் சமைந்தன என்பது அவ்வூர்க் கதை. எத்தாகலவின் உச்சியில் ஏறி நின்றால் குருநாகல் ஏரி காலடியில் கிடக்கும். மாவத்தகமவைத் தாண்டியதும் காட்சி மாறத் தொடங்குகிறது. தனிக்குன்றுகள் மறைந்து, மலைகள் ஒன்றையொன்று தோள்தொட்டு நிற்கின்றன. வயல்கள் குறுகி, இரு சரிவுகளுக்கு இடையே படிப்படியாக இறங்கும் கீற்றுகளாகின்றன. இப்படிப்பட்ட ஒடுங்கிய பள்ளத்தாக்கு வயலைச் சிங்களத்தில் ‘தெனிய’ என்பார்கள். பேராதனை என்று நாம் சொல்லும் ‘பேராதெனிய’விலும் கொய்யாவைக் குறிக்கும் ‘பேர’வோடு சேர்ந்திருப்பது இந்தச் சொல்தான்.

இப்பகுதியின் நீரோட்டம் தனியாகக் கவனிக்கத்தக்கது. மேற்குச் சரிவில் விழும் மழை தெதுரு ஓயாவிலோ மகா ஓயாவிலோ சேர்ந்து மேற்குக் கரைக்குப் போகிறது. தெதுரு ஓயா சிலாபத்தருகிலும் மகா ஓயா கொச்சிக்கடையருகிலும் கடலில் கலக்கின்றன. கண்டியை நோக்கிச் சிறிது தூரம் போனால் நீர் திசைமாறிவிடும். அக்குறணைப் பக்கம் ஓடும் பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையருகே மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி கிழக்கே திரும்பி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஒரே மேகம் பெய்த மழையில் ஒரு பங்கு சிலாபத்துக்கும் மறுபங்கு திருகோணமலைக்கும் போகிறது. கடலோர மீனவருக்கும் இந்த மலைச்சரிவுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் இலங்கையில் அதிகமில்லை.

கணவாய்

காடும் செங்குத்தும் கண்டி அரசைச் சூழ்ந்த மதில்களாக இருந்தன. அந்த மதிலின் வாசல்களே கணவாய்கள். கொழும்பிலிருந்து வருபவருக்குப் பலனை ஒரு வாசல், குருநாகல் பக்கமிருந்து வருபவருக்குக் கலகெதர இன்னொரு வாசல். 1803 பெப்ரவரியில் ஜெனரல் மெக்டோவல் தலைமையில் வந்த பிரித்தானியப் படை கலகெதர, கிரிஹாகம ஆகிய காவலரண்களைக் கைப்பற்றிய பின்னரே கண்டியை அடைந்தது. நகரம் கைக்கு வந்தது, ஆனால் தங்கவில்லை. காய்ச்சலும் பட்டினியும் படையைத் தின்றன. அந்த ஆண்டின் நடுவிலேயே அங்கிருந்த காவற்படை அழிந்தது. மலைநாட்டின் மழையும் காடும் கண்டி மன்னனுக்குத் துணைப்படையாகவே நின்றன.

படைகள் எப்போதாவதுதான் வந்தன. இப்பாதையில் நாள்தோறும் நடந்தவை பொதிமாடுகள். கண்டி அரசில் பொதிமாட்டுப் போக்குவரத்தை நடத்திய பிரிவுக்கு ‘மடிகே’ என்று பெயர். உப்பும் கருவாடும் மேலே ஏறின. பாக்கும் மிளகும் கீழே இறங்கின. இத்தொழிலில் முஸ்லிம்கள் முக்கியப் பங்கு வகித்தார்கள். கலகெதரவில் இன்றும் மடிகே என்ற பெயரில் ஒரு குடியிருப்பு உண்டு. இங்குள்ள முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ். தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருபவர் வழிகேட்கத் தயங்க வேண்டியதில்லை.

கண்டி வீட்டுத்தோட்டம்

கலகெதர வட்டாரத்தின் தலையாய காட்சி எதுவென்று கேட்டால், இக்கட்டுரை எந்த உச்சியையும் அருவியையும் சொல்லாது, வீட்டுத்தோட்டங்களையே சொல்லும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மலைச்சரிவு முழுதும் காடு. அருகே போனால் அந்தக் காட்டுக்குள்ளிருந்து அடுப்புப் புகை எழும், சேவல் கூவும், ஓட்டுக்கூரை தெரியும். காடென்று நினைத்த ஒவ்வொரு மரமும் யாரோ நட்டதோ, முளைத்ததை யாரோ வெட்டாமல் விட்டதோ ஆகும்.

தோட்டம் அடுக்கடுக்காக நிற்கிறது. உச்சியில் பலா, தென்னை, கித்துள். கித்துளின் பூந்தண்டைச் சீவி இறக்கும் சாற்றைக் காய்ச்சினால் பாணி. மேலும் இறுக்கினால் கருப்பட்டி. அடுத்த அடுக்கில் ஈரப்பலா, மா, கராம்பு, சாதிக்காய், கமுகு. கமுகிலும் முருங்கையிலும் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அதற்குக் கீழே கோப்பி, வாழை, எலுமிச்சை. தரையோடு தரையாக இஞ்சியும் மஞ்சளும் சேப்பங்கிழங்கும். வெயிலை மேலடுக்கு வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுகிறது. மழையும் அப்படியே. பலா இலையில் மோதி, கோப்பி இலையில் சிதறி, சருகின்மேல் துளியாக விழும் நீர் மண்ணை அரிப்பதில்லை. செங்குத்தான சரிவில் இத்தனை நூற்றாண்டு மண் தங்கியிருப்பதற்கு இந்த அடுக்குமுறை பெரிய காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டின் காடு பெருமளவில் கோப்பித் தோட்டமானது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டு நிலத்தை அரசுடைமை ஆக்கியது. அது துரைமாருக்கு விலைபோனது. அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1869 இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. ஓரினப் பயிர் ஒரே நோயில் வீழ்ந்த அதே மலைநாட்டில், பத்துப் பன்னிரண்டு வகை மரங்களைக் கலந்து வளர்த்த வீட்டுத்தோட்டங்கள் நிலைத்து நின்றன.

காட்டுயிர்களும் இத்தோட்டங்களை வீடாகக் கொண்டுள்ளன. மலை அணில் கிளைவிட்டுக் கிளை தாவும். செங்குரங்குக் கூட்டம் ஈரப்பலாவைக் குறிவைத்து வரும். தோட்டக்காரருக்கு அது உண்மையான இழப்பு. இரவில் முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் கிழங்கைத் தோண்டும். இலங்கைக்கே உரிய பறவைகளில் மஞ்சள்நெற்றிக் குக்குறுவானும் தொங்கும் கிளியும் இம்மரங்களில் காணக்கூடியவை. அதிகாலை ஆறு மணிக்குள் கிராமத்து ஒற்றையடிப் பாதையில் நடக்கத் தொடங்கினால், ஒரு மணி நேரத்தில் இவற்றில் பாதியையாவது பார்த்துவிடலாம். தோட்டங்கள் தனியார் நிலம். வேலிக்குள் நுழையுமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்பது முறை. கேட்டவருக்குப் பெரும்பாலும் தேநீரும் கருப்பட்டித் துண்டும் கிடைக்கும்.

அலகல்லையும் பலனையும்

தும்பனைக்குத் தெற்கே, மத்திய மாகாணமும் சப்ரகமுவ மாகாணமும் சந்திக்கும் எல்லையில் அலகல்லை மலை நிற்கிறது. 1,000 மீற்றருக்கு மேல் உயரம் கொண்டது. 1867 இல் கண்டியை எட்டிய இரயில்பாதை இதன் பாறைமுகத்தைக் குடைந்தும் ஒட்டியும் செல்கிறது. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் இரயிலில் சரியான பக்கத்து இருக்கை கிடைத்தவருக்கு, ஒருபுறம் கைக்கெட்டும் பாறையும் மறுபுறம் ஆழத்தில் வயல்களும் தென்படும். அப்பால் தட்டையான தலையோடு பத்தலேகல நிற்கும். ஆங்கிலேயர் இதை ‘வேதாகமப் பாறை’ என்று அழைத்தார்கள். இதன் உயரம் 798 மீற்றர். அலகல்லையில் ஏற விரும்புவோர் பொதுவாக இஹலகோட்டை நிலையத்தில் இறங்கி நடக்கிறார்கள். ஏற்றம் செங்குத்து, உச்சிக்கு அருகில் புல்லும் பாறையும்தான். நிழல் கிடையாது.

அருகிலுள்ள பலனையில் பழைய காவற்கோட்டையின் எச்சம் உண்டு. ‘பலனவா’ என்றால் சிங்களத்தில் பார்த்தல். கீழ்நாட்டிலிருந்து வரும் படையை இங்கிருந்து பார்த்தார்கள் என்பது பெயர்க்காரணம். மேகமற்ற மாலையில் அங்கே நிற்பவருக்கு அந்தக் காரணத்தை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கண்டியைச் சூழ்ந்தவை

உடவத்தகெலே, தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் குன்றில் 104 ஹெக்டெயர் பரப்புள்ள காடு. கண்டி மன்னர்களின் அரசவனமாக இருந்தது. 1938 இல் சரணாலயமானது. நகரின் வாகன இரைச்சல் பத்து நிமிட நடையில் அடங்கிவிடும். குழந்தைகளோடு வருபவர்களுக்கு இந்த வட்டாரத்தில் இதைவிடப் பொருத்தமான காடு இல்லை.

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 இல் நிறுவப்பட்டது. மகாவலி மூன்று பக்கமும் வளைத்தோட, நடுவே 147 ஏக்கரில் விரிந்துள்ளது. பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும் மரங்களும், கிளைபரப்பிப் புல்வெளியை மூடிய ஜாவா அத்தியும் பார்வையாளர் கூட்டம் கூடும் இடங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மேல் எழும் ஹந்தானைத் தொடரில் தேயிலையும் பைன் மரங்களும் புல்வெளியும் மாறிமாறி வரும். அங்கே மூடுபனி சில நிமிடங்களில் இறங்கிவிடும்; வழிதவறியவர்களைத் தேடி மலையேற வேண்டி வந்ததும் உண்டு. வழி அறிந்தவர் துணையின்றிப் போகக் கூடாது.

கிழக்கே, ஒரு முழுநாள் ஒதுக்கினால், நக்கிள்ஸ் மலைத்தொடர். மடக்கிய விரல்களின் முட்டிகள்போல் தோன்றுவதால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. ஊராருக்கு இது தும்பறை மலைத்தொடர். 2010 இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனப்பகுதி ஆகியவற்றோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பருவமும் எச்சரிக்கையும்

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். மலையேற்றத்துக்கு ஏற்ற காலம். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல்தோறும் இடியோடு மழை பெய்யும். பச்சை அப்போதுதான் மிக அழகு, அட்டைக்கடியும் அப்போதுதான் மிக அதிகம். உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருப்பது நல்லது.

அட்டையைவிடப் பெரிய அபாயம் மண்சரிவு. 2016 மே 17 அன்று, அலகல்லைக்கு அப்பால் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில், பெருமழைக்குப் பின் சாமசரகந்த மலைச்சரிவு பெயர்ந்து கிராமங்களைப் புதைத்தது. சரிவை நேராக வெட்டி வீடும் விடுதியும் கட்டுவதும், கலப்பு மரத்தோட்டத்தை அழிப்பதும் இந்த ஆபத்தை வளர்க்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. தும்பனைக்கோ அயற்பிரிவுகளுக்கோ எச்சரிக்கை நடப்பில் இருந்தால், பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

கண்டி–குருநாகல் பஸ்கள் கலகெதர வழியாகவே ஓடுகின்றன. அடுத்த முறை அவ்வழியே போகும்போது கலகெதரவில் இறங்கி, அரை நாளாவது நடந்து பாருங்கள்.